முற்றத்தில் நின்ற உழவு இயந்திரப் பெட்டி

வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு உழவு இயந்திரப் பெட்டியைப் பற்றி விளக்கம் தேவையில்லை. வயலிலிருந்து நெல் மூட்டை வந்தது அதில்தான். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அயலட்டை எல்லாம் சேர்ந்து போனதும் அதில்தான். பிறகு இடப்பெயர்வுக் காலம் வந்தது. கூரைத் தகரம், கதவு நிலை, கிணற்று வாளி, கோழிக்கூடு, சாமிப்படம், நடக்க ஏலாத அப்பம்மா என்று ஒரு முழு வீடும் அந்தப் பெட்டிக்குள் ஏறியது. 1995, 1996, 2008, 2009 என்று ஆண்டுகளைச் சொன்னாலே போதும், உங்களில் பலருக்கு அந்தச் சில்லுகளின் சத்தம் காதில் கேட்கும். மேலே தறப்பாளை இழுத்துக் கட்டினால் பெட்டி வீடாகிவிடும். கீழே குழி வெட்டினால் அதுவே பதுங்குகுழியின் கூரை.

அப்படிப்பட்ட ஒரு பெட்டியை எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து, பெரும்பாலும் பெண்களாகவே நாங்கள் திருத்தி எடுத்த கதையை இங்கே எழுதுகிறேன். உங்கள் வளவிலும் ஏதாவது ஒன்று கறள் கட்டி நிற்கக்கூடும். அதற்கு இது பயன்படலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பெட்டியின் வரலாறு

இந்தப் பெட்டியை 1976இல் செய்வித்தவர் அப்பப்பா. 1970இலிருந்து 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால் உள்ளூர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை இருந்தது. வட பகுதிக் கமக்காரரின் கையில் நாலு காசு புழங்கிய காலம் அது. மிளகாய் விற்ற பணத்தில் யாழ்ப்பாணத்துப் பட்டறை ஒன்றில் இரும்புச் சட்டம் ஒட்டுவித்து, வேம்புப் பலகையில் தளம் போட்டு, இரண்டு சில்லுப் பெட்டியாக அதை வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்தாராம்.

1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது இந்தப் பெட்டிதான் எங்களை ஸ்கந்தபுரத்துக்குக் கொண்டு போனது. எனக்கு அப்போது 7 வயது. 2008இன் இறுதியில் அதே பெட்டி மீண்டும் வெளிக்கிட்டது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று போய், உடையார்கட்டில் ஒரு ரயர் வெடித்து, கொழுவும் சட்டமும் பிளந்துவிட்டது. ஏற்றக்கூடியதை உழவு இயந்திரத்தின் மட்காட்டிலும் சைக்கிளிலும் ஏற்றிக்கொண்டு பெட்டியை அங்கேயே விட்டுப் போனோம். உழவு இயந்திரம் மாத்தளனில் எரிந்தது. அதே 2009இல் அப்பா காணாமற்போனார்.

2011இல் அந்தப் பகுதியில் கண்ணிவெடி அகற்றி, மக்கள் போகலாம் என்று அறிவித்த பிறகு அம்மா பெட்டியைத் தேடிப் போனார். சில்லுகள் இல்லை. பின்கதவு இல்லை. சட்டமும் அச்சும் மட்டும் பற்றைக்குள் கிடந்தன. இரவல் சில்லுப் பூட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம். அதன் பிறகு 12 வருடம் அது வேப்பமரத்தின் கீழ் நின்றது. விறகு அடுக்கினோம். கோழி முட்டையிட்டது.

விற்பதா, வைத்திருப்பதா

2022 எல்லோருக்கும் நெருக்கடியான ஆண்டு. அரிசி, பால்மா, எரிபொருள் எல்லாவற்றுக்கும் அலைந்தோம். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் படலைக்கு வந்து பெட்டிக்கு 80,000 ரூபா கேட்டார். அந்த நேரத்தில் அது பெரிய காசு. "கறள் கட்டிக்கொண்டுதானே கிடக்குது, குடுங்கோவன் அம்மா" என்று தங்கச்சி சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வியாபாரியிடம், "தம்பி, வித்தால் ரெண்டு மாசம் சாப்பிடலாம். அது ஓடினால் எத்தினை மாசம் சாப்பிடலாம் எண்டு நான் ஒருக்கால் யோசிக்கோணும்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் சமூகப் பணியாளராகப் பல வீடுகளுக்குப் போகிறவள். இப்படிப் பொருட்கள் நிற்பதை எத்தனையோ முற்றங்களில் கண்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிள், நீரிறைக்கும் இயந்திரம், தையல் மெசின், தச்சு உளிப் பெட்டி. பெரும்பாலும் அவை கணவன் அல்லது மகன் பாவித்தவை. விற்க மனம் வராது, திருத்த வழி தெரியாது, தொடவும் கை வராது. சமூகவியல் படித்தபோது சொத்தையும் பால்நிலையையும் பற்றிப் பல பக்கங்கள் வாசித்தேன். ஒரு பொருள் ஒரே நேரத்தில் நினைவாகவும் பாரமாகவும் உணவுக்கான வழியாகவும் இருக்கலாம் என்பதை இந்த முற்றங்களில்தான் விளங்கிக்கொண்டேன்.

சித்தப்பாவின் சின்ன வண்டி

திருத்துவதற்கான முதல் ஆலோசனை கனடாவிலிருந்து வந்தது. சித்தப்பா அங்கே பழைய 'போலர்' என்ற பயண வண்டி ஒன்றை வாங்கி, கோடை விடுமுறைகளில் வீட்டு வாசலில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சின்ன வீடு அது. 1968 முதல் வின்னிப்பெக் நகரத்தில் கண்ணாடி நாரால் செய்யப்பட்டது. நீளம் 13 அடிதான். உள்ளே படுக்க, சமைக்க, சாப்பிட எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. முட்டை வடிவம். அங்குள்ளவர்கள் இவற்றைத் தேடி வாங்கி, தங்கள் கையாலேயே பழுது பார்த்து, ஏரிக்கரைகளுக்குக் கொண்டுபோய்த் தங்குகிறார்கள். வட அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டிகள் எப்போதும் உல்லாசத்துக்கு மட்டும் இருந்ததில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் வீடிழந்த குடும்பங்கள் அவற்றில் வாழ்ந்திருக்கின்றன. 2005இல் கத்ரினா சூறாவளிக்குப் பின் அமெரிக்க அரசு வீடிழந்த மக்களை அவற்றில்தான் குடியேற்றியது.

தொலைபேசியில் எங்கள் பெட்டியைக் காட்டியதும் சித்தப்பா, "பிள்ளை, மேல் வடிவைப் பாக்காதை. நானும் முதல் ஒரு மாசம் அடியிலதான் கிடந்தனான். சட்டம், அச்சு, சில்லு, கொழுவி. இது நாலும் சரியெண்டால் மிச்சத்துக்குப் பயப்பிடத் தேவையில்லை" என்றார். அவருடைய வண்டியும் எங்கள் பெட்டியும் வெவ்வேறு உலகத்தைச் சேர்ந்தவை. ஆனால் தண்ணீர் பலகையை உக்க வைப்பதும், கறள் இரும்பைத் தின்பதும் எங்கும் ஒன்றுதான்.

வேலையை எப்படிச் செய்தோம்

2023 ஆடி மாதம் தொடங்கினோம். மாரி மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்பது கணக்கு.

எங்களுக்கு உதவிய முக்கியமான ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அக்கா, யுத்த காலத்தில் வாகனத் திருத்த வேலை பழகியவர். 2009க்குப் பிறகு அவர் அதை யாருக்கும் சொல்வதில்லை. எங்கே பழகினாய், யாரிடம் பழகினாய் என்ற கேள்விகள் வரும் என்று பயம். கூலிக்குக் கச்சான் பிடுங்கப் போவார், ஆனால் தன் கைத்தொழிலைச் சொல்ல மாட்டார். அம்மாவுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. "வந்து ஒருக்கால் பார் பிள்ளை" என்று கூப்பிட்டார். அக்கா பின்னேரம் வந்து, சத்தமில்லாமல் பெட்டியைச் சுற்றி நடந்தார். சின்னச் சுத்தியல் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சட்டத்தில் தட்டத் தொடங்கினார். நல்ல இரும்பு 'ணங்' என்று ஒலிக்கும். உள்ளே கறள் தின்ற இரும்பு மந்தமாகச் சத்தம் போடும். மந்தமாகக் கேட்ட இடமெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். ஐந்து வட்டங்கள்.

முதலில் பாதுகாப்பு. யுத்தம் நடந்த இடத்திலிருந்து கொண்டுவந்த எந்த வாகனத்தின் பொந்துகளுக்குள்ளும், மண் அடைந்த குழாய்களுக்குள்ளும் கையை விடக்கூடாது. தெரியாத பொருள் ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் விலகி, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும். அடுத்தது, ஜக்கை மட்டும் நம்பிப் பெட்டியின் கீழே படுக்கக்கூடாது. நாங்கள் நாலு மூலைக்கும் தடித்த மரக்குற்றி அடுக்கி, பெட்டி அசையவில்லை என்று பார்த்த பின்பே கீழே போனோம்.

பழைய பலகைகளைக் கழற்றினோம். நட்டுகள் இறுகியிருந்தன. முதல்நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தால் மறுநாள் பாதி நட்டு இளகிவிடும். பிறகு கறள் உரஞ்சும் வேலை. இது எவரும் செய்யக்கூடியது, ஆனால் பொறுமை வேண்டும். கம்பித் தூரிகையும் அரத்தாளுமாக அம்மா, தங்கச்சி, நான், அயல்வீட்டு மாமி நாலு பேரும் மூன்று கிழமை உரஞ்சினோம். பழைய பெயின்ற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே அதைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி உரஞ்சி, வாய் மூக்கைத் துணியால் கட்டி, சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டோம். உரஞ்சி விழுந்த தூளைக் கூட்டி அள்ளி, கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் தூரமாகப் புதைத்தோம்.

சில்லுக் குடத்தைத் திறந்து பெயாரிங்குகளை வெளியே எடுத்தது அக்கா. பழைய கிறீஸ் கல்லாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒவ்வோர் உருளையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். சிறு குழி விழுந்திருந்தாலும், சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலும் அது உதவாது. எங்களுடையவை நாலும் உதவவில்லை. புதியவற்றை வாங்கி, உள்ளங்கையில் கிறீஸை வைத்து உருளைகளுக்குள் அழுத்தி ஏற்றுவதை எனக்கும் தங்கச்சிக்கும் பழக்கினார். "நட்டை இறுக்கிப் போட்டு, சில்லைச் சுத்திப் பாத்து, பிறகு கொஞ்சம் தளத்தோணும் தங்கச்சி. இறுகினாலும் கெடும், ஆடினாலும் கெடும்." அன்றைக்குத்தான் அவர் சிரித்துக் கதைத்ததைக் கண்டேன்.

வெல்டிங் வேலையை நாங்கள் செய்யவில்லை. பிளந்த கொழுவும் சட்டத்தையும், அக்கா வட்டம் போட்ட ஐந்து இடங்களையும் கராஜ்காரர் ஒருவரைக் கூப்பிட்டுச் செய்வித்தோம். பாரம் தாங்கும் இடத்தில் அரைகுறை ஒட்டு உயிருக்கே ஆபத்து. தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலைக்குக் காசு கொடுப்பது வீண் செலவல்ல.

பக்கத் தகடுகளில் ஷெல் துண்டுகள் துளைத்த ஓட்டைகள் 14 இருந்தன. அவற்றில் ஒன்றையாவது அப்படியே விடலாமா, நாளைக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டுமே என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெல்லு ஒழுகுமெல்லோ? எல்லாத்தையும் அடைக்கச் சொல்லு" என்றார். 14 ஓட்டைகளும் அடைபட்டன. அம்மாவுக்கு நினைவு வைத்திருக்க ஓட்டை தேவைப்படவில்லை.

தளத்துக்கு மரக்காலையில் வேம்புப் பலகை வாங்கினோம். வேம்பில் கறையான் இலகுவில் பிடிக்காது. பலகைகளுக்கு இடையில் சிறு நீக்கல் விட்டால் மழைத் தண்ணீர் வடிந்துவிடும். பலகையின் அடிப்பக்கத்துக்கும் வெட்டு முனைகளுக்கும் ஒயில் பூசிய பின்புதான் போல்ற் பூட்ட வேண்டும், பூட்டிய பின் அங்கே கை போகாது. இரும்புக்குக் கறள் தடுக்கும் சிவப்புப் பூச்சு இரண்டு தரம், அதற்கு மேல் நீல நிறம். ஆடி, ஆவணியில் சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து ஈரப் பெயின்ற்றில் ஒட்டிவிடும். அதனால் விடியற்காலையிலேயே பூசி முடித்தோம். கடைசியாகப் பின்பக்கத்தில் சிவப்பு ஒளி தெறிக்கும் தகடுகள் பூட்டினோம். இருட்டில் வெளிச்சமில்லாமல் போகும் பெட்டிகளில் மோதுகிறவர்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். இந்தச் செலவு சில நூறு ரூபாதான்.

மொத்தச் செலவு இப்படி வந்தது. பெயாரிங், கிறீஸ் 11,500 ரூபா. பாவித்த ரயர் இரண்டும் ரியூப்பும் 34,000. வெல்டிங்கும் இரும்பும் தகடும் 28,000. பலகை 26,000. பெயின்ற், அரத்தாள், தூரிகை 12,500. எல்லாமாக 112,000 ரூபா. கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும் நுண்கடனை அம்மா எடுக்க விடவில்லை. பாதி என் சேமிப்பு, பாதி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடன்.

இரும்பை விடக் கடினமான வேலை

பெட்டி தயார். ஆனால் தெருவில் இறக்குவதற்குப் பத்திரம் வேண்டும். உழவு இயந்திரத்தைப் போலவே பெட்டிக்கும் தனியான பதிவு இலக்கம் உண்டு. எங்கள் பெட்டி அப்பாவின் பெயரில் இருந்தது. பெயர் மாற்ற வேண்டுமென்றால் மரணச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள்.

அம்மா கதிரையை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டார். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமற்போனவர்களின் படங்களோடு உட்கார்ந்த உறவினர்களோடு அம்மாவும் பல நாட்கள் இருந்திருக்கிறார். அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு கடதாசியில் கையெழுத்திடுவது அவரால் முடியாத காரியம். "ஒரு பெட்டிக்காக மனிசனைச் சாக்கொல்லச் சொல்லுறாங்களோ?" என்று தெருவில் நின்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இந்த இடத்தில் நின்றுபோன பெண்கள் பலர் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். மரணப் பதிவு தொடர்பான 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி, காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், அவர் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழைக் குடும்பத்தவர் பெறலாம். அதை வைத்து அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும், நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். அதைப் பெறுவதால் தேடுவதையும் கேட்பதையும் விட்டுவிட்டோம் என்றாகாது. இந்தச் சான்றிதழையும் வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய முடிவையும் நாங்கள் மதிக்க வேண்டும். எதை எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கே உரியது. விபரம் தெரிந்து தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

அம்மா இரண்டு மாதம் யோசித்தார். பிறகு அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். கடதாசிகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வர மாரி தொடங்கிவிட்டது. பெட்டி இன்றைக்கும் அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. பராமரிப்பவர் அம்மா.

பக்கப் பலகையில் உரிமையாளரின் பெயர் எழுத வந்த தம்பி, யாருடைய பெயரை எழுதுவது என்று கேட்டார். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னார். எழுதி முடித்துத் தூரிகையைக் கழுவப் போனவரை நிற்பாட்டி, "அதுக்குக் கீழை என்ரை பேரையும் எழுதுங்கோ தம்பி. வாடகைக்குக் கேக்க வாற ஆக்கள் ஆரிட்டை வாறது எண்டு தெரியவேணுமெல்லோ" என்றார்.

இப்போது

எங்களிடம் உழவு இயந்திரம் இல்லை. அயலில் இயந்திரம் வைத்திருப்பவர்கள் பெட்டியை மட்டும் நாளுக்கு 2,500 ரூபாவுக்கு எடுக்கிறார்கள். 2024 பெரும்போக அறுவடைக் காலத்தில் 31 நாள் ஓடியது. 77,500 ரூபா வந்தது. சிறுபோகத்தில் அவ்வளவு இல்லை, ஆனாலும் வைக்கோல், விறகு, சீமெந்து என்று ஏதாவது ஏற்றம் கிடைத்தது. சங்கக் கடன் அந்த ஆண்டுக்குள் அடைபட்டது. அடிச்சட்டத்தை வருடத்துக்கு ஒருமுறை உரஞ்சிப் பூசுவதற்கும், பெயாரிங்குகளுக்குக் கிறீஸ் மாற்றுவதற்கும் வருமானத்தில் ஒரு பங்கை அம்மா புறம்பாக வைக்கிறார்.

அந்த அக்காவை இப்போது வீடு தேடி வந்து கூப்பிடுகிறார்கள். சில்லு ஆடுகிறது, கிறீஸ் போட வேண்டும், வந்து பாருங்கோ என்று. கூலி வாங்குகிறார். எங்கே பழகினீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, வேலை சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

உங்கள் முற்றத்தில் நிற்பது பெட்டியாகவோ மோட்டார் சைக்கிளாகவோ தையல் மெசினாகவோ இருக்கலாம். அதைத் திருத்தத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலவற்றை விற்பதே சரி, சிலவற்றை அப்படியே விடுவதே மனதுக்கு ஆறுதல். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒருமுறை மூடியைத் திறந்து, கறளைச் சுரண்டி, கீழே இருக்கும் இரும்பு நல்லதா என்று தட்டிப் பாருங்கள். பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் தேடி எடுத்து வையுங்கள். உங்கள் ஒழுங்கையில் தன் கைத்தொழிலைச் சொல்லாமல் இருக்கும் ஒருத்தியும் இருக்கக்கூடும். அவளையும் ஒருக்கால் கூப்பிட்டுப் பாருங்கள்.